பிள்ளையோடு கொங்குப் பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கு: கஸ்டடி மனு, வக்கீலோடும் வக்கீல் இல்லாமலும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து கோவை வந்து இறங்கியபோது என் கையில் இரண்டு பெட்டி, ஆறு வயது மகன், அவனுடைய சூராட் பெரானாக், அதாவது மலேசியப் பிறப்புச் சான்றிதழ். சிங்காநல்லூரில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீடு இருந்ததால் தங்குவதற்குக் கவலையில்லை. மற்றதெல்லாம் கவலைதான். அதற்குப் பிறகு மலேசியா, இலங்கை, வளைகுடா என்று பல இடங்களிலிருந்து, குடும்பம் உடைந்து பிள்ளையோடு இந்தப் பக்கம் வந்தவர்கள் சிலருக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். ஆண்களும் உண்டு.

வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "வக்கீல் வைக்கணுங்களா, எவ்வளவு ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது, "பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சா?" கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை யாரிடம் இருப்பது என்று கேட்கும் கஸ்டடி, அதாவது குழந்தைக் காப்பாளர், வழக்குகளுக்கு அடிப்படை 1890-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் மனு போட முடியும். விடுமுறைக்கு வந்து தங்கியிருப்பது அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளோடு ஹைதராபாத் வந்த தாய் ஒருவர் சில வாரங்களிலேயே மனுப் போட்டார். பிள்ளைகள் அங்கே வழக்கமாக வசிப்பவர்கள் இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பள்ளிச் சேர்க்கை ரசீது, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், டியூஷன் பில் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமைப் பிள்ளையென்றால் விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த நாட்டுக் கோர்ட்டில் ஏற்கெனவே உத்தரவு இருந்தால், அதை மறைத்து இங்கே மனுப் போடுவதைப் போலத் தவறு வேறில்லை. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் பிள்ளையைத் தானாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இங்கே கிடையாது. அதை நம்பித்தான் பலரும் விமானம் ஏறுகிறார்கள். நம் கோவையிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2012-இல் இங்கிலாந்திலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு கோவை வந்த தாய், இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். அந்தப் பக்கம் தந்தை இங்கிலாந்துக் கோர்ட்டில் உத்தரவு வாங்கினார். 2015-இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பச் சொன்னது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில், பிள்ளையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே என்று மாற்றிச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே வந்துவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது என்று யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

கோவையில் மனுப் போகும் இடம் குடும்ப நீதிமன்றம். கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்து நீதிமன்ற வளாகம். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் மாவட்ட நீதிமன்றம். தனி வழக்காகப் போட்டால் ஜி.டபிள்யூ.ஓ.பி. (காப்பாளர் சட்ட மனு) என்று நம்பர் விழும். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதற்குள்ளேயே இந்துத் திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில் கேட்கலாம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டம். அதற்கு மேல் வயதென்றால் தகப்பனுக்குத்தான் என்று ஊரில் சொல்வார்கள். இயற்கைக் காப்பாளர் என்று அந்தச் சட்டம் தகப்பனை முதலில் சொல்கிறது, ஆனால் பிள்ளை அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

இனி வக்கீல் விஷயம். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வேடிக்கையானது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையே இல்லை, நீதிபதி அனுமதித்தால்தான் உண்டு. நடப்பில் அனுமதி எளிதாகக் கிடைக்கிறது, வராந்தா முழுக்கக் கறுப்புக் கோட்டுதான். ஆனாலும் நாமே நின்று பேசுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர்களுக்கு அமைப்பு அத்துப்படி.

நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் ரிட்டர்ன், குறை சொல்லித் திருப்பிவிட்டார்கள். குமாஸ்தா என் பையனுடைய மலேசியச் சான்றிதழை விரலால் தட்டி, "ஏனுங்கம்மணி, இதுல பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல என்னமோ அனாக் லெலாகின்னு இருக்குது. மனுவுல இனிஷியல் போட்டிருக்கறீங்க. ரெண்டும் ஒரே பையன்னு ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்?" என்றார். மகன் என்பதற்கு மலாய்ச் சொல் அது என்று விளக்கினேன். "எங்கிட்ட சொல்லி என்னாகறது, எழுதிக் குடுங்க" என்றார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம், சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, மறுபடி தாக்கல். பெயர்க் குழப்பத்தை மனுப் போடும் முன்பே தீர்த்துவிட்டு வாருங்கள்.

எதிர்த் தரப்புக்கு சம்மன் போன பிறகு கவுன்சலிங். சமரசத்துக்கு முயல்வது அந்தக் கோர்ட்டின் கடமை. அந்த அறையில் பழைய கதை எடுக்காதீர்கள். பையன் எத்தனை மணிக்கு எழுகிறான், யார் சோறு போடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், இவைதான் அங்கே எடுபடும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையென்றால் நீதிபதி தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். உள்ளே போகும் முன் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள், முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். என் மகன் உள்ளே போய், அப்புச்சி வீட்டுக் கன்றுக்குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

இரு தரப்பும் ஒத்துப்போனால், அல்லது எதிர்த் தரப்பு வரவே இல்லையென்றால், தனியாகச் சமாளிக்கலாம். குறுக்கு விசாரணை என்று வந்துவிட்டால், வெளிநாட்டு உத்தரவு இருந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால், வக்கீல் கட்டாயம் வேண்டும். நானும் அந்தக் கட்டத்தில் தனியாக நிற்கவில்லை. பணமில்லையென்று ஒதுங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, முத்திரைப் பத்திரத்தில் பிள்ளை அப்பாரு (அப்பாவின் அப்பா) வீட்டில் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. பெரியவர்கள் பேசட்டும், அதில் பல வீடு சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாள் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. பேசி முடிந்தால் அதையே சமரச மனுவாகக் கோர்ட்டில் கொடுத்து உத்தரவாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை வரை, எந்த இடத்தில் பிள்ளையைப் பார்க்கலாம், வீடியோ காலில் எப்போது பேசலாம் என்பதுவரை எழுதுங்கள். "அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதிய உத்தரவால்தான் பின்னால் அத்தனை சண்டையும்.

பிள்ளையைப் பிடித்துப் போய்விட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் சென்னைக்குப் போகும். கரூரும் திண்டுக்கல்லும் மதுரைக் கிளைக்கு.

வழக்குக்கு எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் கொடுப்பார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும், யாரையும் கேட்டு நிற்க வேண்டாம். உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். மேல் முறையீட்டுக்கு 30 நாள்தான். நகல் வந்ததும் ஒன்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், மாலையில் பிள்ளையை யாரோடு அனுப்பலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.