பிள்ளைகளின் நித்திரையைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் எடை கூடிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை கூறுவது என் பணி. சில ஆண்டுகளுக்கு முன் அக்காமார் செய்த அதே பிழைகளை இப்போது தங்கைமார் தம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் செய்வதைக் காணும்போது, இவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. படுக்கையில் கைபேசி கூடாது, இரவில் சோடா கூடாது என்பன எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நித்திரைக்கும் எடைக்கும் தொடர்புண்டு என்பதை உணர்ந்து, உண்மையான அக்கறையுடன் மாற்றத்தைத் தொடங்கும் பெற்றோர் எங்கே தவறுகிறார்கள் என்பதைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

உணவை மட்டும் குறைத்தல்

எடை கூடிவிட்டது என்றவுடன் பிட்டையும் பாணையும் அளந்து கொடுக்கத் தொடங்கும் வீடுகளில், பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் உறுதியான பதில் கிடைப்பதில்லை. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலங்களும், 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலங்களும் தேவை. இந்த அளவு தொடர்ந்து குறையும்போது பசியையும் நிறைவையும் உணர்த்தும் சுரப்புகளின் ஒழுங்கு குலையக்கூடும். களைத்த பிள்ளை ஓடியாடுவதும் குறைகிறது. இவற்றைவிட எளிய காரணம், இரவில் விழித்திருக்கும் பிள்ளைக்கு உண்பதற்கும் அவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைப்பதுதான். 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 8 முதல் 11 வயதான 37 பிள்ளைகள் ஒரு வாரம் வழமையைவிட ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாகவும் இன்னொரு வாரம் அதேயளவு குறைவாகவும் படுக்கையில் இருக்குமாறு கேட்கப்பட்டனர். கூடுதலாக நித்திரை கொண்ட வாரத்தில் அவர்கள் உண்டது, குறைவாக நித்திரை கொண்ட வாரத்தைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாக இருந்தது. நித்திரை மட்டுமே எடையைச் சரிசெய்துவிடாது என்றாலும், அதைத் தொடாமல் உணவை மட்டும் குறைத்தால் பிள்ளை நாள் முழுவதும் பசியுடன் போராட நேரும்.

படுக்கும் நேரத்தை முதலில் பிடித்து இழுத்தல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுவே. நல்ல எண்ணத்துடன் தொடங்கிய முயற்சியை ஒரே வாரத்தில் முறித்து, பழியையும் பிள்ளைமீதே அது போட்டுவிடுகிறது.

உவர்மலையிலிருந்து ஒரு தாய் தம் ஒன்பது வயது மகனுடன் வந்திருந்தார். பத்தே முக்காலுக்கு நித்திரை கொண்டு பழகிய பிள்ளையை ஒரு திங்கட்கிழமை முதல் எட்டரை மணிக்கே படுக்க வைத்திருக்கிறார். விளக்கை அணைத்த பின்னும் பிள்ளை விழித்தே கிடந்தான். ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேட்டான். ஒன்பதரைக்குப் பசிக்கிறது என்றான். அம்மம்மா இரக்கப்பட்டுப் பால்மா கரைத்து பிஸ்கட்டும் கொடுத்தார். பத்து மணிக்கு, சத்தம் போடாமல் கிடக்கட்டும் என்று கைபேசியும் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமையுடன் திட்டம் கைவிடப்பட்டது. "இவனுக்கு நித்திரை வாற உடம்பே இல்லை, மிஸ்" என்றார் தாய். பிள்ளை அருகில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுடைய உடம்பில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. பாடசாலை விட்டு வந்து, உண்டு, மூன்று மணி முதல் ஐந்தரை வரை அவன் உறங்குவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணிவரை எழுப்பமாட்டார்கள். விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் நித்திரையின் அழுத்தம் கூடும். ஐந்தரைக்கு எழுந்த பிள்ளைக்கு எட்டரைக்குள் அது சேர்ந்திருக்க வழியில்லை. அதற்கும் மேலாக, வழமையாக உறங்கும் நேரத்துக்கு முந்திய இரண்டொரு மணித்தியாலங்களில்தான் உடம்பின் உள்மணிக்கூடு விழிப்பைப் பலமாகத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளையைப் படுக்கச் சொல்வது, படுக்கையில் விழித்துக் கிடக்கவே அவனைப் பழக்குவதாகும்.

தொடங்க வேண்டிய இடம் காலை. ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் ஆறு மணிக்கு எழுப்பி, உடனே முற்றத்துக்கு அனுப்புங்கள். நமது கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால், ஆறரைக்கெல்லாம் வெளியே போதிய வெளிச்சம் இருக்கும். அந்தக் காலை வெளிச்சமே உள்மணிக்கூட்டை முன்னே நகர்த்துகிறது. பாடசாலை செல்லும் பிள்ளைக்குப் பகல் நித்திரை அரை மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மணிக்குமுன் அது முடிந்துவிட வேண்டும். இவ்விரண்டும் நிலைத்த பின்னரே இரவைத் தொட வேண்டும். அதுவும் பிள்ளை உண்மையில் உறங்கும் நேரத்திலிருந்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் வீதம். பத்தே முக்காலிலிருந்து ஒன்பது மணிக்கு வருவதற்கு மூன்று வாரங்கள் ஆகும். அந்தத் தாய்க்கு இது மிக மெதுவாகத் தோன்றியது, ஆயினும் செய்தார். ஒன்பது மணி பழகியதும் இரவுப் பாலும் பிஸ்கட்டும் தாமாகவே நின்றன. எடை உடனே இறங்கவில்லை. வளரும் பிள்ளைக்கு அது இறங்கியே ஆக வேண்டும் என்பதுமில்லை. அடுத்த மாதங்களில் உயரம் கூட, எடை ஏறக்குறைய அப்படியே நின்றது.

மாலைத் தேத்தண்ணீர்

பால் கலந்தாலும் அதில் கஃபீன் உண்டு. மூன்று மணிக்குப் பின் வேண்டாம்.

படுக்கையைத் தண்டனையாக்குதல்

ஒருபோதும் செய்யாதீர்கள்.

வகுப்பு முடிந்த பின் பெரிய சாப்பாடு

புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரவு எட்டு மணிவரை தனியார் வகுப்பில் இருந்துவிட்டு, வரும் வழியில் கொத்துறொட்டி வாங்கி ஒன்பதரைக்கு உண்ணும் பிள்ளைகள் நகரில் பலர். வகுப்பை நிறுத்தச் சொல்லும் துணிவு எல்லாப் பெற்றோருக்கும் வராது என்பதை அறிவேன். குறைந்தபட்சம் முதன்மையான இரவு உணவை வகுப்புக்குமுன் கொடுத்து, திரும்பியபின் சிறிதளவு பழமோ பாலோ கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். படித்ததை மூளை பதித்துக்கொள்வதும் நித்திரையில்தான். அதைக் குறைத்துப் பெறும் படிப்பு நேரத்தால் பரீட்சைக்கும் நன்மையில்லை.

அறையின் வெக்கையைக் கவனியாதிருத்தல்

கச்சான் காற்று வீசும் மாதங்களில், பகலெல்லாம் சூடேறிய கொங்கிறீட் கூரையின் கீழ் பிள்ளையைப் படுக்க வைக்காமல், வீட்டிலேயே காற்றோட்டமான இடத்தில் நுளம்பு வலையைக் கட்டுங்கள்.

குறட்டையை ஆழ்ந்த நித்திரை என்று எண்ணுதல்

"நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குவான்" என்று மகிழ்ச்சியுடன் சொல்லும் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையே ஏற்படுகிறது. எடை கூடிய பிள்ளைகளிடமும், தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ பெருத்த பிள்ளைகளிடமும் நித்திரையில் மூச்சுவழி அடைபடுவது உண்டு. அப்படியான பிள்ளை பத்து மணித்தியாலங்கள் படுத்திருந்தாலும் இளைப்பாறுவதில்லை. பகலில் எரிந்து விழும், பாடத்தில் கவனம் சிதறும், சில வேளை படுக்கையை நனைக்கும். நான் மேலே கூறிய நேர ஒழுங்குகளால் இது தீராது. வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் குறட்டை கேட்டால், அல்லது மூச்சு இடையில் நின்று திடுக்கிட்டுத் திரும்புவதைக் கண்டால், பிள்ளை உறங்கும்போது ஓரிரு நிமிடங்கள் கைபேசியில் படம்பிடித்து, அதைக் குழந்தை நல வைத்தியரிடமோ காது மூக்கு தொண்டை வைத்தியரிடமோ நேரில் காட்டுங்கள்.