ஏஜென்சி எழுதித் தந்த ரிப்பேர்: நாமே செய்யலாமா?

ஏஜென்சியில், அதாவது கார் கம்பெனியின் சேர்விஸ் நிலையத்தில், சேர்விஸுக்கு விட்ட காரை எடுக்கப் போனால், பில்லோடு இன்னொரு தாளும் தருவார்கள். எயார் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பிரேக் பேட், பிரேக் ஒயில், கியர் ஒயில் என்று அதில் பட்டியல் நீளும். தொகையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் உண்டு. தாளை மடித்து வைத்து மறந்துவிடுகிறவர்களும் உண்டு. ரம்பொடை, கினிகத்தேனை மலைப்பாதைகளில் ஏறி இறங்குகிற நமக்கு இரண்டுமே சரிவராது.

படி 1: தாளைப் பிரித்துக் கேளுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் சாமான் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதிய பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடவே கூடாது.

படி 2: வண்டியின் கைநூலைப் பாருங்கள்

எதை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி என்றால் நூலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்கலாம்.

படி 3: இறக்கத்தை நினைத்துப் பாருங்கள்

இந்த வேலையை நான் பிழையாகச் செய்தால், இறக்கத்தில் வண்டி நிற்குமா, திரும்புமா? பதிலில் சந்தேகம் வந்தால் தொடாதீர்கள். பிரேக், ஸ்டீரிங், சஸ்பென்ஷன் மூன்றும் இதில் அடங்கும்.

பிரேக் ஒயிலை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத்தான் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டொட் 3 (DOT 3) வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஒயில் கொதித்து ஆவிக் குமிழிகள் வரும், பெடல் அடிவரை போய்விடும். நாமே மாற்றும்போது குழாயில் காற்று தங்கினாலும் இதே ஆபத்துதான். அதனால் இதை மாற்றவும் வேண்டும், பழகிய கையிடம் கொடுக்கவும் வேண்டும். ஏஜென்சி விலை கட்டாவிட்டால் டவுனில் நம்பிக்கையான கராஜ் ஒன்றில் கொடுங்கள்.

ஹைப்ரிட் காரின் செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் பக்கம் போகவே வேண்டாம். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம்.

படி 4: நிலம் சமமா?

லயத்து வாசலோ ரோட்டோரமோ, நம் பக்கம் பெரும்பாலும் சரிவுதான். பல கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் ஒன்றைத் தூக்கினால் அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். சமதளம் இல்லையென்றால் ஜாக் போடும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

படி 5: இவற்றில் தொடங்குங்கள்

எயார் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர். ஜாக் தேவையில்லை, பிழை விட்டாலும் திருத்திக்கொள்ளலாம்.

பல ஜப்பானியக் கார்களில் ஏசி ஃபில்டர் டேஷ்போர்டின் இடதுபக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கமும் உள்ளே அழுத்தினால் கீழே இறங்கிவிடும். பழைய ஃபில்டரை இழுப்பதற்கு முன், அதன் ஓரத்திலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதும் அப்படியே போக வேண்டும்.

வைப்பர் ரப்பர் போனால் நுவரெலியா மூடுபனியில் கண் தெரியாது, அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிளேடைக் கழற்றும் முன் கண்ணாடியில் தடித்த துணி ஒன்றை விரியுங்கள். ஸ்பிரிங் உள்ள கை தவறி விழுந்தால் கண்ணாடியே வெடித்துவிடும்.

வேலை முடிந்ததும் தேதி, கிலோமீட்டர் இரண்டையும் எழுதி, சாமான் பில்லோடு வண்டியில் வையுங்கள். அடுத்த சேர்விஸ் பட்டியலில் அதே வேலை மறுபடி வந்தால் எடுத்துக் காட்டலாம்.