‘வேண்டாம்’ என்றால் கையை எடு: தொடக்கப் பள்ளியில் பழக்க வேண்டியது

வழக்கமான ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு பிள்ளைகளுக்குத் தப்பிக்க மட்டும் சொல்லித் தருகிறது. அடுத்தவர் உடம்பில் கை வைக்கும் பிள்ளையும் அதே பெஞ்சில்தான் இருக்கிறது; அதற்குப் பாடமே இல்லை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வாரம் 20 நிமிடம் போதும். இருவர் இருவராக நிற்கட்டும். ஒருவர் ‘தோளில் கை போடட்டுமா?’ என்று கேட்க வேண்டும். மற்றவர் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம். பேசாமல் இருந்தால் அதுவும் ‘வேண்டாம்’தான். ‘சரி’ என்றவரே நடுவில் ‘போதும்’ என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது மறுப்பைக் கேட்ட பிள்ளையின் முகத்தை. நச்சரிக்கும், கோபப்படும் பிள்ளைக்கு ‘சரி, வேற விளையாடலாம்’ என்று சொல்லப் பழக்குங்கள். டீச்சரே கேட்காமல் கன்னத்தைக் கிள்ளினால் இத்தனையும் வீண்.

அந்தரங்க உறுப்புகளுக்குச் சரியான பெயரையே சொல்லிக் கொடுங்கள். வீட்டுச் செல்லப்பெயரில் பிள்ளை முறையிட்டால் கேட்பவருக்கு விளங்காது. பெற்றோர் கூட்டத்தில் முன்பே சொல்லிவிட்டால் சண்டை வராது.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் பூசி மெழுகக் கூடாது. டவுசரை இழுப்பது, பாவாடையைத் தூக்குவது, கழிப்பறையில் எட்டிப் பார்ப்பது, செல்போனில் ஆபாசப் படம் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். ‘பசங்கன்னா அப்படித்தான்’ என்ற பேச்சு அனுமதி கொடுப்பதற்குச் சமம். பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தைச் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். மாடிப்படிக்கு அடியிலோ கழிப்பறைக்குப் பின்னாலோ சிவப்பு குவிந்தால் இடைவேளையில் அங்கே ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்? சம வயதுப் பிள்ளைகள், மிரட்டல் இல்லை, சொன்னதும் நிறுத்திவிட்டார்கள் என்றால் பெரும்பாலும் அறியும் ஆர்வம்தான், அமைதியாகத் திருத்தலாம். வற்புறுத்தல், ரகசியம் காக்கச் சொல்வது, வயது இடைவெளி, தடுத்தும் தொடர்வது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வயதுக்கு மீறியதைச் செய்துகாட்டும் பிள்ளை தானே எங்கோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அதை அசெம்பிளியில் நிறுத்தி அவமானப்படுத்தினால் நடத்தை மாறாது, மறைவிடம்தான் மாறும்.

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி, நேரத்துடன் ஒரே முறை எழுதிக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிப் பெயருக்காக மூடி மறைப்பது தண்டனைக்குரியது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனை இரண்டு பிள்ளைகளுக்கும் தேவை, தனித்தனியாக.