பழைய போனை அழிக்கும் அவசரமும் வேறு சில தவறுகளும்

அண்மையில் ஒருவர் புதிய போனும் கையுமாக என்னிடம் வந்தார். தரவு மாற்றம் நன்றாக முடிந்துவிட்டது, படங்களும் தொடர்பு எண்களும் வந்துவிட்டன, ஒரே ஒரு கணக்கு மட்டும் ஏதோ ஆறு இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றார். பழைய போன் எங்கே என்று கேட்டேன். முதல் நாள் இரவே அதை முழுவதும் அழித்து, எக்ஸ்சேஞ்ச் சலுகைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வேலையை ஒழுங்காக முடித்த ஒருவரின் நிறைவு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தை இதே நிறைவோடு செய்தவன் நான் என்பதால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

பிறருடைய போன்களை அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. கண்ணாடித் தகடு ஒட்டுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். கவனமாக இருப்பவர்களும் விழுகிற குழிகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன், அவற்றில் ஒன்றைப் பற்றிச் சற்று அதிகமாகவே.

எண்களை நம்பி வாங்குவது

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் உங்கள் அன்றாடப் பயன்பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. 200 மெகாபிக்சல் கேமரா என்றால், வழக்கமாக எடுக்கும் படத்தில் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அது சேமிக்கும். அந்தப் பெரிய எண் வேண்டுமானால் தனியாக ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்போது ஒவ்வொரு படமும் சேமிப்பிடத்தைத் தாராளமாக விழுங்கும். “8 + 8 ஜிபி ரேம்” என்று எழுதியிருந்தால் இரண்டாவது எட்டு ரேமே கிடையாது. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துகிறார்கள். அதன் வேகம் உண்மையான ரேமின் அருகில்கூட வராது.

யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு உண்டு. முதலாவது, உள்ளே இருக்கும் சேமிப்பகம் இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா என்பது. இஎம்எம்சியில் ஒரு நேரத்தில் படிப்பதோ எழுதுவதோ ஒன்றுதான் நடக்கும், யுஎஃப்எஸ்ஸில் இரண்டும் ஒருசேர நடக்கும். வாங்கிய ஆறாவது மாதத்தில் போன் தடுமாறுகிறது என்று வருபவர்களில் பலருடைய கருவியில் முதல் வகையைத்தான் பார்க்கிறேன். இரண்டாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்பது. 2023 இல் வந்த பிக்சல் 8 முதல் கூகுளும், 2024 இல் வந்த கேலக்ஸி எஸ்24 முதல் சாம்சங்கும் தங்கள் முதன்மை வரிசைகளுக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்தன. அந்த ஏழு ஆண்டுகள் அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நீங்கள் வாங்கும் நாள் அந்தக் கணக்கில் வராது. ஆகவே தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு ஆண்டு பழைய மாடலை வாங்குபவர் இரண்டு ஆண்டுகளை ஏற்கெனவே இழந்துவிட்டுத்தான் தொடங்குகிறார். இழப்பு தெரிந்து வாங்கினால் தவறில்லை. நானும் அப்படி வாங்கியிருக்கிறேன்.

மெமரி கார்டைக் கழற்றி மாட்டினால் போதும் என்று நினைப்பது

2015 இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டை உள் சேமிப்பகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி பல போன்களில் உண்டு. அப்படி மாற்றிய கார்டு அந்த ஒரு போனுக்கான மறைக்குறியீட்டோடு (என்கிரிப்ஷன்) கட்டப்பட்டிருக்கும். வேறு எதில் செருகினாலும் படிக்காது.

பழைய போனை அன்றைக்கே அழிப்பது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய போன் வந்த அன்று மாலையே எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு செயலியின் சின்னமும் புதிய திரையில் பழைய வரிசையிலேயே வந்து அமர்ந்ததைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று முடிவு செய்தேன். பழைய போனை என் தங்கை மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்ததால் அன்று இரவே ஃபேக்டரி ரீசெட் செய்தேன். மறுநாள் அஞ்சல் கணக்கு ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டாக அந்த எண்ணைத் தருவது ஆதென்டிகேட்டர் செயலி. புதிய போனில் அதைத் திறந்தேன். செயலி இருந்தது, உள்ளே ஒரு கணக்குகூட இல்லை. சரி, மீட்பு அஞ்சல் வழியாகப் போகலாம் என்றால், அந்த இரண்டாவது அஞ்சலையும் அதே செயலியால்தான் பூட்டி வைத்திருந்தேன். பெட்டிச் சாவியை அலமாரியிலும் அலமாரிச் சாவியைப் பெட்டியிலும் வைத்துப் பூட்டியவனின் நிலை அது. முதல் கணக்கைத் திரும்பப் பெறப் பதினேழு நாட்கள் ஆயின. இரண்டாவது கணக்கு இன்றுவரை திரும்பவில்லை. அதில் இருந்த பதினோரு ஆண்டுக் கடிதங்களும் அதோடு போயின.

அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஏன் இப்படி நடக்கிறது என்பது விளங்கும். பலர் நினைப்பது போல் அது உங்கள் கைப்பேசி எண்ணோடு தொடர்புடையது கிடையாது. சிம்மை மாற்றிப் போட்டால் அது பின்னாலேயே வராது. முதன்முதலில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியத் திறவுகோல் உங்கள் போனுக்குள் எழுதப்பட்டது. அந்தத் திறவுகோலையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை, போனே அந்த எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இணையமே இல்லாத இடத்திலும் எண் மாறிக்கொண்டிருப்பது இதனால்தான். திறவுகோல் அழிந்தால் எண்ணும் இல்லை. கூகுள் ஆதென்டிகேட்டரில் இந்தத் திறவுகோல்களைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. இப்போதும் கணக்கில் நுழையாமல் அந்தச் செயலியைப் பயன்படுத்துபவருக்கு அவை போனுக்குள் மட்டுமே இருக்கின்றன. செயலியின் சின்னம் புதிய போனுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது மறுபடி பதிவிறக்கப்பட்டது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அழித்த பிறகு மீட்டுத் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய போன்களில் தரவு முழுவதும் மறைக்குறியீட்டில் சேமிக்கப்படுகிறது; ரீசெட் செய்யும்போது அதைத் திறக்கும் சாவியே அழிக்கப்படுகிறது. சாவி போன பிறகு உள்ளே எஞ்சியிருப்பதைப் படிக்க எந்தக் கருவியாலும் முடியாது. திருட்டுக்கு எதிராக நமக்கு இருக்கும் மிக நல்ல பாதுகாப்பு இது, ஆனால் அவசரக்காரர்களையும் அது திருடர்களைப் போலவே நடத்துகிறது.

ஆதென்டிகேட்டரோடு இது முடிவதில்லை. வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உரையாடல்களை மீட்கவா என்று புதிய போனில் அது கேட்பது எண்ணைப் பதியும் அந்தத் தொடக்க நேரத்தில்தான். அவசரத்தில் தவிர் என்று அழுத்திவிட்டுப் புதிதாகப் பேசத் தொடங்கிய ஒருவர் ஐந்து நாள் கழித்து என்னிடம் வந்தார். அந்த ஐந்து நாட்களில் இரவு பேக்கப் ஓடி, மேகச் சேமிப்பில் இருந்த பழைய பிரதியின் மேல் புதிய, ஏறக்குறைய வெறுமையான பிரதி எழுதப்பட்டிருந்தது. பழைய போனை அவர் அழிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டிருந்ததால் அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடிந்தது. அவர் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. அழிக்கச் சோம்பலாக இருந்தது என்றார். பேக்கப்புக்கு முழு மறைக்குறியீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது: அந்தக் கடவுச்சொல்லையோ 64 இலக்கத் திறவுகோலையோ மறந்தவருக்கு அந்த நிறுவனத்தாலும் உதவ முடியாது.

இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியப்படும் சிம், வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அழிக்கும் முன் இசிம்மையும் நீக்கவா என்று போன் கேட்கும். புதிய போனில் அது இயங்கத் தொடங்கும் முன் ஆம் என்று சொல்லிவிட்டால், புதிதாகப் பெறச் சேவையாளரிடம் போக வேண்டும்; அவர்கள் சரிபார்ப்புக்காக ஓடிபியை அனுப்புவதாகச் சொல்லும் எண் அதே எண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கூகுள் ஃபோட்டோஸின் பூட்டிய கோப்புறையில் பேக்கப்பை இயக்காமல் வைத்த படங்களும், போனின் பதிவிறக்கக் கோப்புறையில் பல காலமாகக் கிடக்கும் ஆவணங்களும் இப்படியே சத்தமில்லாமல் போகின்றன.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், மாற்றம் முடிந்ததும் பழைய போனை அணைத்து வைத்துவிட்டு ஒரு மாதம் தொடுவதில்லை. ஒரு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. மாதம் ஒருமுறை மட்டுமே திறக்கிற செயலிகள், கட்டணம் செலுத்தும் கணக்குகள், எப்போதோ ஒருமுறை தேவைப்படும் ஆவணங்கள் எல்லாம் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். எதற்காகவாவது பழையதை இயக்க நேர்ந்தால் அதைக் குறித்துக்கொண்டு, அந்தப் பொருளைப் புதியதற்கு மாற்றிவிட்டு மறுபடி ஒரு மாதம் எண்ணுவேன். முக்கியக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் மாற்றுக் குறியீடுகளை, அதாவது ஆறு இலக்க எண் கிடைக்காதபோது பயன்படும் பேக்கப் கோடுகளை, எடுத்துக் காகிதத்தில் எழுதி வைப்பது இதற்கும் முந்தைய வேலை. கூகுள் கணக்கு எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகளைத் தருகிறது; ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைப் படமெடுத்து அதே போனில் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

எக்ஸ்சேஞ்ச் சலுகைதான் பெரும்பாலோரை அவசரப்படுத்துகிறது. புதியதைக் கொடுத்த கையோடு பழையதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்தத் தள்ளுபடி உங்களுக்கு அவசியம் என்றால், பழைய போனைத் திருப்பித் தரச் சில நாள் அவகாசம் தரும் திட்டத்தைத் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், புதியது வருவதற்கு முன்பே வேறு ஒரு கருவியில் எல்லாக் கணக்குகளுக்குள்ளும் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள். முதலில் சொன்ன மனிதர் தப்பியதும் அப்படித்தான்: அவருடைய மடிக்கணினியில் அந்தக் கணக்கு திறந்தே இருந்தது, அந்தக் கணினியை நம்பகமான கருவியாக முன்பே பதிந்தும் வைத்திருந்தார். மாற்றுக் குறியீடுகளை அங்கிருந்து எடுத்தோம். மடிக்கணினி இல்லாதிருந்தால் அவரும் பதினேழு நாட்கள் எண்ணியிருப்பார்.

ஒத்திசைவைப் பேக்கப் என்று நம்புவது

ஒத்திசைவு என்பது எல்லாக் கருவிகளும் ஒரே நிலையைக் காட்டுவது. ஆகவே புதிய போனில் இடம் காலியாகட்டும் என்று ஆயிரம் படங்களை நீக்கினால், ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுடிலும் பழைய போனிலும் அவை நீங்கிவிடும். ஆப்பிளில் அண்மையில் நீக்கியவை 30 நாட்களும், கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாட்களும் இருக்கும் என்பதால் உடனே கவனித்தால் தப்பலாம்.

கூகுள் ஃபோட்டோஸில் வரம்பில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஏற்றும் படங்கள் அஞ்சலுக்கும் டிரைவுக்கும் பொதுவான 15 ஜிபியில்தான் அடங்க வேண்டும். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே. அளவு நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும், ஓர் அறிவிப்பு வரும், அதை நாம் தள்ளிவிடுவோம். மேகத்தில் எல்லாம் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னவர்களின் கணக்கைத் திறந்து, கடைசிப் படம் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்று காட்டியபோது அவர்கள் பேச்சிழந்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தேதியை நீங்களும் இன்றே பார்க்கலாம்.

ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுப்பவர்கள் கடவுச்சொல் இட்ட மறைக்குறியீட்டு முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண முறையில் சேமித்த கடவுச்சொற்களும் உடல்நலத் தரவும் சேராது.

ஐபோனின் தொடக்கத் திரைகளை அவசரமாகத் தாண்டுவது

ஆண்ட்ராய்டிலிருந்து மாறுவதற்கான மூவ் டு ஐஓஎஸ் செயலி தொடக்க அமைப்பின்போது பயன்படுத்துவதற்காகவே உருவாக்கப்பட்டது. தாண்டிவிட்டால் ஐபோனை அழித்து முதலிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களும் அந்த வழியாகத்தான் வரும்.

பேட்டரி பாதியாக இருக்கும்போது மாற்றத்தைத் தொடங்குவது

இரண்டையும் சார்ஜரில் போடுங்கள்.

பழைய கணக்கிலிருந்து வெளியேறாமல் கைமாற்றுவது

2013 இல் ஐஓஎஸ் 7 உடன் ஆப்பிளும், 2015 இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் கூகுளும் திருட்டைத் தடுக்கும் பூட்டைக் கொண்டுவந்தன. பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தாலும், பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்காமல் அந்தப் போன் திறக்காது. ஆகவே ஒரு மாதம் கழிந்து, இனி அழிக்கலாம் என்று முடிவு செய்யும் நாளில், முதலில் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு அங்கிருந்தே அழிக்க வேண்டும். என் தங்கை மகளுக்கு நான் கொடுத்த போனில் இதையும் நான் செய்யவில்லை. அது கேட்டது எந்த அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை என்றால், பதினேழு நாட்கள் நானே நுழைய முடியாமல் வெளியே நின்ற அதே கணக்கின் கடவுச்சொல்லை. அவளும் பதினேழு நாட்கள் காத்திருந்தாள். அன்றிலிருந்து எந்தப் போனையும் அழித்த பிறகு, தொடக்கத் திரை பழைய கணக்கைக் கேட்காமல் அடுத்த திரைக்கு நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கைமாற்றுகிறேன்.