துயரத்துக்கு ஒரு மண் உருவம்

ஐயனார் கோயில்களில் நேர்ந்துவிட்ட மண் குதிரைகளுக்கு நடுவே, சுடுமண்ணால் ஆன சிறு கைகளும் கால்களும் பிள்ளை உருவங்களும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நோயோ பிள்ளையில்லாக் கவலையோ வாட்டும்போது அதற்கு ஓர் உருவம் கொடுத்துக் கொண்டுபோய் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த உருவத்தைக் குயவர் செய்து தருவார். மனம் கனத்துக் கிடக்கும் நாட்களில் அதை நம் கையாலேயே செய்வது எப்படி என்பதை இங்கே சொல்கிறேன்.

மண்பாண்டம் செய்யும் இடத்தில், பொடி மணல் கலந்து பக்குவப்படுத்திய களிமண் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பி, பழைய கரண்டி, ஈரத்துணி, பாலித்தீன் தாள் ஆகியவை போதும். சப்பாத்தி மாவைப் போலப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். இறுகிக் கிடந்த தோளும் அதற்குள் கொஞ்சம் இளகும்.

முகத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகம் செய்யப் புகுந்தால் கை சாயலைத் தேட ஆரம்பித்துவிடும், சரியாக வந்திருக்கிறதா என்ற கவலையில் சொல்ல வந்தது மறைந்துபோகும். கண்ணை மூடி, அந்த உணர்ச்சி உடம்பில் எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். அப்பா இறந்த மாதத்தில் எனக்கு அது பிடரியில் இருந்தது, தலை எந்நேரமும் குனிந்தே கிடந்தது. ஆகவே முகமும் கையும் இல்லாமல், குனிந்த முதுகையும் பிடரியையும் மட்டும் செய்தேன். பிடரியில் கட்டைவிரலை அழுத்தியபோது விழுந்த பள்ளத்தை, ரேகையோடு அப்படியே விட்டுவிட்டேன். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால், இப்போது அந்தப் பள்ளத்தில் என் விரல் பொருந்துவதில்லை.

உருவம் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். தனித்தனியாகச் செய்த பாகங்களை ஒட்டுவதற்கு, இரு பரப்புகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். விரல் அழுத்தினால் அமுங்காமல் நகம் மட்டும் பதியும் அளவுக்குக் காய்ந்ததும், கம்பியால் உருவத்தை இரண்டாக அறுத்து, சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் நிற்கும்படி உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். பிறகு முன்போலவே ஒட்டி, அடியில் ஒரு துளை விடுங்கள். இதைச் சோம்பலால் தவிர்த்த என் முதல் உருவம் சூளையில் வெடித்துச் சிதறியது. தடித்த மண்ணுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துவிட்டது.

பாலித்தீன் தாளைத் தளர்வாகப் போர்த்தி, நிழலில் இரண்டு வாரம் காய விடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும்வரை ஈரம் இருக்கிறது என்று பொருள். காய்ந்த மண்ணை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

சுடுவதா வேண்டாமா என்பதை இப்போதுதான் முடிவு செய்ய வேண்டும். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிய களிமண் மறுபடி குழையாது. வைத்துக்கொள்ள விரும்பினால், பழகிய குயவரிடம் கேட்டு அவருடைய சூளையில் மற்றப் பாண்டங்களோடு சேர்த்து அடுக்கச் சொல்லலாம். செம்மண் கலந்த களிமண் காற்றோட்டத்தில் வெந்தால் சிவக்கும், காற்றை அடைத்துப் புகையில் வெந்தால் கறுக்கும். எந்த நிறம் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உறக்கமும் உணவும் பல நாட்களாகப் பிடிக்காமல் இருந்தால், இந்த வேலையோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரையும் பாருங்கள்.

வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், பிள்ளையார் சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரைக் கரைப்பதுபோல் வாளித் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். முழுவதும் காய்ந்த உருவம்தான் விரைவில் கரையும், ஈரம் மிச்சமிருந்தால் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். விளிம்புகளிலிருந்து குமிழி விட்டுக்கொண்டு மெல்லச் சரியும். மறுநாள் மேல்தண்ணீரை இறுத்து, வண்டலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், சில நாட்களில் பிசையும் பதத்துக்கு வந்துவிடும்.