மெய்நிகர் டேப் லைப்ரரி: எஜெக்ட் செய்யும் முன் யோசியுங்கள்

டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவைப் பதியும் கருவி) வாங்காமலே பழைய பேக்கப் மென்பொருளை ஓட்ட அமேசானின் டேப் கேட்வே கைகொடுக்கும். விர்ச்சுவல் மெஷினாக நிறுவினால் 10 டேப் டிரைவும் ஒரு மீடியா சேஞ்சரும் (டேப்பை மாற்றிப் போடும் கருவி) ஐஸ்கசி (iSCSI, நெட்வொர்க் வழியாகச் சேமிப்புக் கருவிகளை இணைக்கும் முறை) வழியாகத் தெரியும். மென்பொருள் நிஜ டேப் என்றே நம்பிவிடும்!

கேஷுக்கும் (அண்மைத் தரவை அருகிலேயே வைக்கும் இடம்) அப்லோடு பஃபருக்கும் (அமேசானுக்கு அனுப்பும் முன் தரவு காத்திருக்கும் இடம்) தனித்தனி டிஸ்க் கொடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 150 ஜிபி. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பேக்கப் ஊர்ந்துதான் போகும்.

டேப் அளவு 100 ஜிபி முதல் 15 டிபி வரை வைக்கலாம். சின்னதாக வைப்பதே என் வழக்கம். ஏனென்றால், பேக்கப் மென்பொருளில் எஜெக்ட் செய்த (லைப்ரரியிலிருந்து வெளியேற்றிய) டேப் கிளேசியர் என்ற அமேசானின் நீண்டகாலக் கிடங்குக்குப் போய்விடும். ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றாலும் முழு டேப்பையும் மீட்க வேண்டும். அதற்கு 3 முதல் 5 மணி நேரம், டீப் ஆர்க்கைவ் (கிளேசியரின் இன்னும் மெதுவான வகை) என்றால் 12 மணி நேரம் வரை ஆகும். அதனால் இந்த வாரத்து டேப்பை எஜெக்ட் செய்யாதீர்கள், லைப்ரரியிலேயே இருக்கட்டும்.