கூரையில் ஆள் ஏறுமுன்: வீட்டுக்காரர் விடும் பிழைகள்

மாரிக்கு முன்னால், புரட்டாதி ஐப்பசியில், மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு கூரையில் ஆள் நிற்பார். கீழே வீட்டுக்காரர் அண்ணாந்தபடி கட்டளை போட்டுக்கொண்டிருப்பார். இருபது வருடமாக ஆள் வைத்துக் கூரை வேலை செய்கிறேன். கீழே நிற்கும் அந்த ஆளில் பழைய என்னைத்தான் பார்க்கிறேன். ஏணி ஆடக்கூடாது, மழையில் ஏறக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன்.

மேசனுக்கு மேல் மேசனாக நிற்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வருமுன், ஆரையம்பதியில் எங்கள் குசினிக்குப் பழைய அஸ்பெஸ்டஸ் சீட். ஒரே ஒழுக்கு. ஒரு மேசனிடம் மொத்தமாகப் பேசிக் கொந்தராத்து கொடுத்தேன். அவரோடு ஒரு பொடியன் வந்தான். மேசன் பலகை எடுக்கப் போயிருந்தார். "மழை இருட்டுது மனே, ஏறிப் பாரு" என்றது நான். ஏணியும் என்னுடையது. சீட் உக்கிப்போனது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஆணி வரிசையில் மிதித்தால் கீழே இருக்கும் மரம் தாங்கும். அவன் நடுவில் மிதித்தான். சீட்டோடு குசினிக்குள் விழுந்தான், கை முறிந்தது.

ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் மூன்று மாதம் உழைப்பில்லாத வீட்டுக்கு அரிசி யார் கொடுப்பது? "நான் ஏறச் சொல்லல்லயே அண்ணன்" என்றார் மேசன். என்னத்தைச் சொல்ல? கொடுத்தேன்.

அப்புறம்தான் விளங்கியது. இலங்கையில் இப்படியான நட்டஈட்டுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். உங்கள் கவனயீனத்தால் ஒருவர் காயப்பட்டால் நீங்கள் பதில் சொல்லவேண்டும். கொந்தராத்துக்காரர் தன் பாட்டில் செய்யும் வேலையில் எப்படி ஏறுவது, எங்கே மிதிப்பது என்பது அவர் பொறுப்பு. நீங்களே ஏறச் சொல்லி, ஏணியும் கொடுத்து, உக்கலையும் மறைத்தால் கேள்வி உங்கள் படலைக்குத்தான் வரும். நாட்சம்பளத்துக்கு நீங்களே ஆள் பிடித்து வேலை வாங்கினால் "கொந்தராத்துக்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லக்கூட வழியில்லை.

காப்புறுதியைக் கேட்க வெட்கப்படுவது

என்போல ஆள் வைத்து வேலை செய்பவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 திருத்தம் அதன் உச்சத் தொகையை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக்கியது. அவ்வளவு காசைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க எங்களில் எத்தனை பேரால் முடியும்? அதற்கென்றே காப்புறுதி விற்கிறார்கள். விலை பேசும்போதே பத்திரத்தைக் கேளுங்கள். திகதி முடிந்துவிட்டதா, எத்தனை ஆளுக்கு என்று பாருங்கள். என்னிடம் முதன்முதல் கேட்டவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். அன்றைக்கு என்னிடம் அது இல்லை. அடுத்த கிழமை ஓடிப்போய் எடுத்தேன்.

வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியம்

தீக்கும் வெள்ளத்துக்கும் எடுத்தது அது. வேலையாள் விழுவது அதில் இருக்கிறதா என்று வாசித்தீர்களா?

"விழுந்தால் என் பொறுப்பு" என்று கையெழுத்து வாங்குவது

நம்பாதீர்கள்.

மெயின் சுவிட்சோடு திருப்திப்படுவது

மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது கூரையோரமாக வந்தால், மின்சாரம் தரும் நிறுவனத்துக்குச் சொல்லி நிறுத்துவிக்குமுன் அந்தப் பக்கம் யாரையும் ஏறவிடாதீர்கள்.